பன்னிரண்டு விநாடி இடையூறு

ஆய்வு முறையியல் என்றொரு பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். நேர்காணல் தந்தவரின் பெயரை மறைப்பது எப்படி என்று அதில் ஒரு பகுதி உண்டு. பெயரை எடுத்துவிட்டு எண் கொடுங்கள், ஊரை மாற்றுங்கள் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லுவேன். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். யாருக்குடி நீ சொல்லிக்கொடுக்கிறாய் சவமே என்று உள்ளுக்குள் என்னையே திட்டிக்கொண்டு வகுப்பை முடிப்பேன்.

எனக்குச் சொந்த ஊர் கொட்டாரம். வயலும் கடையுமாக வளர்ந்தவள். கடல் கூப்பிடு தூரம்தான் என்றாலும் கடற்கரை ஊர்களுக்குள் நான் போனதே கிடையாது. கல்வியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண்களிடம் அவர்கள் கதையைக் கேட்டுப் பதிவு செய்யச் சொன்னார் என் நெறியாளர். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊரைத் தேர்ந்தெடுத்தேன். கையில் வினாப்பட்டியல், பையில் ஒப்புதல் படிவங்கள், தலை நிறைய கனம்.

முதல் பதின்மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "படிப்பு ஏறல்ல டீச்சர்." அவ்வளவுதான். நானும் 'ஆர்வமின்மை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனேன். வினாப்பட்டியல் என்பது நமக்குத் தோதான பதிலை மட்டும் வாங்கிக்கொள்ளும் சாமான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பதினான்காவதாக வந்தவர் மீன் விற்கும் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து பல வருஷம், பிள்ளைகள் இல்லை. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு, தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டு, மதியம் வீடு திரும்புவார். திரும்பியதும் சந்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கே இருக்கும் தன் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

அவர் வீட்டில் உட்கார்ந்து படிவத்தை வாசித்துக் காட்டினேன். தங்கள் பெயர் எங்கும் வெளியிடப்படமாட்டாது என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அச்சடித்த மாதிரி எழுத்து. படிப்பு ஏறாதவர் எழுத்தா இது? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டும்விட்டேன். அக்கா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்து வந்தார். பத்தாம் வகுப்பு. அத்தனை பாடத்திலும் தேர்ச்சி.

"ஜெயிச்சவளாக்கும் நான்," என்றார். "ஆருக்கும் காட்டினதில்ல. டீச்சருக்குக் காட்டுகேன்."

அண்ணனும் தங்கையும் ஒரே வருஷம் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். அண்ணன் இடையில் ஒரு வகுப்பில் தோற்று இவரோடு சேர்ந்தவர். முடிவு வந்த அன்று அப்பாவும் அண்ணனும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ரெண்டு பேரும் தோத்தாச்சு என்றார் அப்பா. அண்ணனை மறுபடி எழுதவைத்தார்கள். அவர் ஜெயித்து, கல்ஃபுக்குப் போய், மாடிவீடு கட்டினார். பெண்ணுக்கு இது போதும் என்று மீன்கூடையைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா செத்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, வயதுச் சான்றுக்காக அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, யாரும் வாங்காமல் கிடந்த பட்டியல் கட்டிலிருந்து கிளார்க் இவருடையதை உருவிக் கொடுத்திருக்கிறார்.

என் செல்போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சொன்னார்: "அண்ணன் அப்பனுக்க கூடத்தான் போனான். போர்டுல எனக்க நம்பரு உண்டு, அவனுக்க நம்பரு இல்ல. ரெண்டுபேரும் கண்டாவ. தெரிஞ்சிட்டுத்தான் இத்தன வருசமா எனக்க முகத்தப் பாத்துச் சிரிக்கான்."

அப்போது வாசலில் அவருடைய அம்மா வந்து நின்றார். ஏதோ சொன்னார். அக்கா சட்டென்று பட்டியலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அம்மா போய்விட்டார். நல்ல இடத்தில் கிழவி வந்து கெடுத்துவிட்டதே என்று எனக்கு எரிச்சல். செல்போனில் சிவப்புப் புள்ளி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். "இது அண்ணனுக்க செவியில விழப்பிடாது டீச்சர். விழுந்தா கதவச் சாத்திருவான். பிறவு அம்மெயக் காண விடமாட்டான். எனக்கு அம்மெ மட்டுந்தான் உண்டு."

"பயப்படாதீங்கக்கா, உங்க பேரே வராது," என்றேன்.

அன்று சாயங்காலம் பதிவைக் கேட்டு எழுத்தாக்கினேன். இருமல், பெருமூச்சு, மௌனம் எல்லாவற்றையும் குறிக்கவேண்டும் என்பது எங்கள் முறை. அம்மா பேசிய இடத்தில் அடைப்புக்குறி போட்டு 'இடையூறு, 12 விநாடி' என்று தட்டினேன். அக்காவின் பெயர் தகவலாளி 14 ஆயிற்று. முழு ஆய்வேடும் அந்தப் பதினான்காம் எண்ணின் மேல்தான் எழுந்து நின்றது.

வாய்மொழித் தேர்வு நாளும் வந்தது. எங்கள் பக்கத்தில் அது பாதிக் கல்யாணம். எவரும் வரலாம். வெளியூர்த் தேர்வாளர் வருவார், சொந்தக்காரர்கள் வருவார்கள், ஆய்வு செய்கிறவள் சொந்தச் செலவில் வடையும் காப்பியும் வைப்பாள், கடைசியில் சால்வை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கதை தந்த ஊருக்கும் மரியாதை செய்யவேண்டும் என்று வேன் பிடித்து அந்த ஊர்க்காரர்களை அழைத்தேன். ஆட்களைத் திரட்டி வேனில் ஏற்றியவர் யார் தெரியுமா? அக்காவின் அண்ணன்தான். மாதா கோயில் கமிட்டியில் இருந்தவர், ஊரில் ஒரு நல்லது என்றால் முன்னால் நிற்பவர். அவரும் வருகிறார் என்று தெரிந்தபோதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. பெயர்தான் இல்லையே!

எல்லாரும் படம் காட்டுகிறார்கள், நீ குரலையே போட்டுக் காட்டு, தேர்வாளர் அசந்துபோவார் என்று நெறியாளர் சொல்லியிருந்தார். அக்கா பேசியதில் ஆக நல்ல பகுதியை வெட்டி எடுத்தேன். வார்த்தைக்கு வார்த்தை கேட்டு, ஊர்ப்பெயர் வந்த இடத்திலும் ஆள்பெயர் வந்த இடத்திலும் 'பீப்' ஒலியை வைத்தேன். வீட்டில் என் கணவருக்குப் போட்டுக் காட்டி, இது யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அதுதான் என் பரிசோதனை. கொட்டாரத்துக்காரரிடம் குளச்சல் பக்கத்துக் குரலைக் கேட்டு, மறைத்தாயிற்று என்று முடிவுகட்டிய அறிவாளி நான்.

கரகரத்த அந்தக் குரல் அரங்கில் எழுந்தது. அந்த ஊரே காலையில் முதலில் கேட்கும் குரல் அது. இரண்டு சொல் ஓடுவதற்குள் வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி, கடைசி வரிசையில் புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்கள். போர்டுல எனக்க நம்பரு உண்டு. அக்கா தலை குனிந்தார். எனக்க முகத்தப் பாத்துச் சிரிக்கான். அண்ணன் மட்டும் திரும்பவில்லை. கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் நின்றிருக்கும். தேர்வாளர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அமுக்கவில்லை.

மிகச் செறிவான தரவு என்று பாராட்டினார். பட்டம் அறிவித்தார்கள். அண்ணன் மேடைக்கு வந்து எனக்குச் சால்வை போட்டார். "நல்லா இருந்து டீச்சர்," என்றார். எல்லாரையும் எண்ணி வேனில் ஏற்றினார். அக்காவும் அதே வேனில்தான் போனார்.

மறுநாள் மதியம் அக்கா கஞ்சியோடு போனபோது கேட் பூட்டியிருந்தது. அம்மைக்கு நாங்க குடுத்துக்கிடுவோம் என்று உள்ளேயிருந்து அண்ணன் மனைவி சொன்னாளாம். அதன்பிறகு அந்தக் கேட் அக்காவுக்குத் திறக்கவேயில்லை. பங்குச்சாமியார் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. சில மாதத்தில் அம்மா வழுக்கி விழுந்து படுக்கையானார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பது தெரிந்து அக்கா ஓடினார். கட்டிலை அடையுமுன் அண்ணன் மகன்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனசு பொறுக்காமல் ஒருநாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். தப்பு என்னுடையது, அக்காவைத் தண்டிக்காதீர்கள் என்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"எனக்க கதையும் அதில உண்டு இல்லியா? எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா டீச்சர்?" என்றார். "அண்ணைக்கு எனக்குப் பதினாறு வயசு. மிண்டாதலே, வாயத் தொறக்காதன்னு அப்பன் சொன்னாரு. மிண்டல்ல. பிறவு எப்பிடி மிண்ட?"

ஒரு பக்கம் மட்டும் கேட்டு வரலாறு எழுதாதே என்பதும் நான் நடத்துகிற பாடத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? பயந்தேன். யாராவது புகார் கொடுத்துவிட்டால் பட்டம் என்னாகும், வரப்போகிற வேலை என்னாகும் என்று பயந்தேன். ஆய்வு முடிந்ததும் பதிவுகளை அழிக்கலாம் என்று படிவத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். செல்போன், கணினி, பென்டிரைவ் எல்லாவற்றிலிருந்தும் அந்தக் குரல்களைத் துடைத்தேன். அதற்கு ஆய்வு ஒழுக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன். தூ! வேலையும் கிடைத்தது.

போன வருஷம் அக்கா நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கே வந்தார். வீட்டுக்கு வெளியே கூடை இல்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் இரண்டாவது தடவை. அம்மா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கோயிலில் எல்லாரோடும் வரிசையில் நின்று சவப்பெட்டிக்குள் அம்மா முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார். கடைசி ஒன்றரை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். திட்டுவதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"டீச்சர், ஒரு உபகாரம் செய்யணும்," என்றார். "அண்ணைக்கு நம்ம பேசிட்டிருக்கும்பம் அம்மெ வாசல்ல வந்து பேசினா. டீச்சருக்க போனுல அது விழுந்திருக்கும். அதக் கொஞ்சம் இதில ஏத்தித் தரணும். எனக்கிட்ட அம்மெக்க சத்தம் ஒண்ணுகூட இல்ல."

புதுப் போன் ஒன்றை மேஜைமேல் வைத்தார். இதற்கென்றே வாங்கியது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னேன்.

"என்ன சொன்னா அம்மெ? டீச்சருக்கு ஓர்மை உண்டா? எனக்கு அவ சிரிச்சது மட்டுந்தான் ஓர்மை இருக்கு."

எனக்கு ஓர்மை இல்லை. நான்தான் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. ஏதாவது செய்யவேண்டும் என்ற பதைப்பில், அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்துப் பின்னிணைப்பைப் புரட்டினேன். நீட்டுவதற்கு முன்னாலேயே அது எந்தப் பக்கம் என்று ஞாபகம் வந்துவிட்டது. மூடப் பார்த்தேன். அதற்குள் அக்கா வாங்கிக்கொண்டார். பத்தாம் வகுப்பு ஜெயித்தவர், யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே போனார். தான் சொன்னதையெல்லாம் தாண்டினார். விரல் அடைப்புக்குறியில் நின்றது. 'இடையூறு, 12 விநாடி' என்றிருந்த அதையும் வாசித்தார். அடுத்த வரியை வாசித்துவிட்டு மறுபடி மேலே வந்தார்.

"இதா எனக்க அம்மெ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.