கயிற்றுப் பாலத்தில் ஒரு கட்டைவிரல்

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. பெருங்காட்டில் மர உச்சிகளை இணைத்துக் கட்டிய கயிற்றுப் பாலம், அதன் நடுவில் நான். ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை சட்டைப் பையை அழுத்திக்கொண்டிருக்கிறது. பையில் ஒன்றுமில்லை. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அது என் மேனேஜருடையது.

1999 கோடைக்காலம். உலகத்துக் கணினிகளெல்லாம் இரண்டாயிரமாவது ஆண்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்தன. கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு வங்கியின் மென்பொருளைச் சரிசெய்ய மேனேஜரையும் என்னையும் கம்பெனி அனுப்பியது. மேனேஜர் நியூவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. மீட்டிங்கில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தால் யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று அர்த்தம். என் மனைவி அப்போது நிறைமாதம். பிரசவத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

என்னைப்போல ஹெச்-1 என்ற வேலை விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை நான் செய்திருந்தேன். விசாவை நீட்டித்த தாள் பத்திரமாக இருந்தது, அதுவே போதும் என்றிருந்துவிட்டேன். அது அமெரிக்காவுக்குள் இருப்பதற்குத்தான். வெளியே போனவன் திரும்பி நுழைய பாஸ்போர்ட்டில் புது விசா குத்தியிருக்க வேண்டும். ரிட்டர்ன் டிக்கெட்டை உறுதிசெய்யப் போன இடத்தில்தான் இது உறைத்தது. அமெரிக்கத் தூதரகத்தில், நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்த பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கலிஃபோர்னியாவில் சான்டா கிளாராவிலிருந்த நண்பனுக்குப் போன் செய்தேன். "இந்தியாவுக்குப் போய் ஸ்டாம்பிங் வாங்கிட்டு வான்னு சொல்லிடுவாங்கடா" என்று அவன் தன் பங்குக்குக் கிலியைக் கிளப்பினான். மனைவியோ, "நீங்க டென்ஷன் ஆகாதீங்க. வலி வந்தா பக்கத்து வீட்டு ஆன்ட்டி டிரைவ் பண்றேன்னுட்டாங்க" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். அவள் தைரியமாகப் பேசப் பேச எனக்குப் பயம் கூடியது.

அந்த வார இறுதியில் மேனேஜர் என் ஹோட்டல் அறைக் கதவைத் தட்டினார். இங்கே உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தால் விசா வராது, கிளம்பு என்றார். கடற்கரை ஓரமாகவே கார் மேற்கே போனது. கேப் கோஸ்ட் நகரத்துக்கு வடக்கே இருந்த காட்டில்தான் அந்தக் கயிற்றுப் பாலம். காலடியில் ஒற்றைப் பலகை, கீழே தரையே தெரியவில்லை. எனக்கு அந்த உயரம்கூடப் பயமாக இல்லை. இப்போது வலி எடுத்திருக்குமோ, ஆன்ட்டி வீட்டில் இருப்பாரோ என்றே மனம் ஓடியது. உயரத்துக்கு நடுங்கியவர் மேனேஜர்தான். ஒரு கையால் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் என்னைப் படம் எடுத்தார்.

மத்தியானம் நகரத்துக்குள் வந்தோம். மீன்பிடிப் படகுகளுக்கு மேலே, கடலைப் பார்த்தபடி வெள்ளைக் கோட்டை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே நிலவறைகளில், அடிமைகளாக விற்கப் பிடித்து வந்தவர்களை அடைத்து வைத்த இடத்தைக் காட்டினார்கள். மேலே ஒரு துளையில் மட்டும் வெளிச்சம். அந்த ஈர வாடையில் எனக்கு மூச்சு முட்டியது. கடைசியில் கடலுக்குத் திறக்கும் வாசல் வந்தது. அதைத் தாண்டியவர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போகும் கப்பலில் ஏற்றப்பட்டார்கள், யாரும் திரும்பவில்லை. மேனேஜர் அதற்கு முன்னால் நின்றுவிட்டார். மீட்டிங்கில் எங்களை மிரட்டும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் உனக்காக வரவில்லை. தனியாக வர எனக்குத் தைரியமில்லை" என்றார். பிறகு, "நீ என்னோடு வருவாயா?" என்று கேட்டார்.

என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வாசலைத் தாண்டினோம். வெளியே கண் கூசும் வெயில், வலை உலர்த்துபவர்களின் சிரிப்பு, கருவாட்டு வாடை. அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி அதே வாசல் வழியாக உள்ளே வந்தோம். உள்ளே வந்ததும் அவர் சத்தமாக அழுதார். என் விசாக் கவலையை நான் மறந்திருந்தது அன்றைக்கு அந்தச் சிறிது நேரம்தான்.

அக்ராவிலேயே விசா கிடைத்தது, ஆனால் பயம் போகவில்லை. நியூயார்க் விமான நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசை. குடிமக்கள் வரிசையில் ஆளே இல்லை. மேனேஜர் அதை விட்டுவிட்டு, நெளிந்து நீண்ட எங்கள் வரிசையில் என் பின்னால் வந்து நின்றார். உங்கள் வரிசை அதோ என்று ஒரு காவலர் கைகாட்டினார். "தெரியும். நான் இவரோடு வந்தவள்" என்றார். அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் செருமும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முத்திரை விழுந்தது. மகள் பிறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

இப்போது நானும் குடிமகன், எனக்கும் சின்ன வரிசைதான். ஆனாலும் விமான நிலையத்தில் அந்த அதிகாரிகளின் கூண்டைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. போன மாதம் மகள் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் கணினியில் ஏற்றினாள். நிறத்தைச் சரிசெய்துவிட்டு, ஓரத்திலிருக்கும் விரலை வெட்டிவிடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றேன். "அப்புறம் பாலத்துல நான் தனியா நின்ன மாதிரி ஆயிடும்."