பின்வரிசைக் குரல்

வைஜயந்தியைப் பின்வரிசைக்கு அனுப்பியது பெருமாள் இல்லை, ப்ரியம்வதா. அதை மட்டும் அவள் மறப்பதாக இல்லை.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ப்ரியம்வதா வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடிப் பாசுரம் சொல்வார்கள். முதலடியை ப்ரியம்வதா எடுப்பாள், மற்றவர்கள் தொடர்வார்கள். புத்தகத்தைப் பிரிப்பதைக் கேவலமாக நினைக்கிற கோஷ்டி அது. ப்ரியம்வதா தடுமாறும்போதெல்லாம், பக்கத்தில் இருக்கும் வைஜயந்திதான் மெல்ல எடுத்துக் கொடுப்பாள். புத்தூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல பெயரெல்லாம் என்னவோ ப்ரியம்வதாவுக்குத்தான்.

கணவர் காலமாகி, வருஷாப்திகம் முடிந்து வைஜயந்தி திரும்பி வந்த அன்று, எல்லார் முன்னாலும் ப்ரியம்வதா சொன்னாள்: "முன்னாடி சுமங்கலிகள் உக்காரட்டும் மாமி. நீங்க பின்னாலேர்ந்து குரல் மட்டும் கொடுங்கோ."

முகம் வேண்டாமாம், குரல் வேண்டுமாம்!  வைஜயந்தி போய்ப் பின்னால் உட்கார்ந்து, சமயம் பார்த்துக் காத்திருந்தாள்.

தை மாதத்தில் அது வந்தது. மகளைக் கொடுத்த இடத்துப் புதுச் சம்பந்திகள் சென்னையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்க, ப்ரியம்வதா பட்டுப்புடவை சரசரக்க ஆரம்பித்தாள். மனம் ஓய்ந்தால் உள்ளே இருப்பவன் தெரிவான் என்கிற பாசுரம் வந்ததும் நின்றுவிட்டாள். எப்போதும் சறுக்குகிற இடம்தான். பின்னாலிருந்து குரல் வரவில்லை. 'நன்னா முழி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் வைஜயந்தி. அப்படி இனித்தது.

கூடம் கப்சிப். அப்போதுதான் அவள் நினைத்தே பார்க்காதது நடந்தது. துக்கமும் கோபமுமாக ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்த மனமும் சேர்ந்து வாயடைத்துப் போனது. எத்தனையோ வருஷமாக நாக்கால் சொன்ன பாசுரம் உள்ளே இறங்கியது. அங்கே அவன் இருந்தான், வெகு கிட்டத்தில். சுமங்கலி, விதவை, முன்வரிசை, பின்வரிசை எதுவும் அங்கே இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ப்ரியம்வதா திரும்பினாள். முகத்தில் ஈயாடவில்லை. "மாமி, எடுத்துக் கொடுங்கோளேன்."

மன்னித்திருக்கலாம். வைஜயந்திக்கு மனசு வரவில்லை. உள்ளே இல்லாத வரிசை வெளியே மட்டும் எதற்கு?

"இங்கேர்ந்து சொன்னா கேக்காது. முன்னாடி வரட்டுமா?"

"வாங்கோ."

"காதுல விழலை. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்னாடி வந்து உக்காருங்கோ மாமி," என்றாள் ப்ரியம்வதா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

வைஜயந்தி அவசரப்படாமல் எழுந்து வந்து, சம்பந்தியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதலடியை எடுத்தாள். மற்றவர்களோடு சேர்ந்து ப்ரியம்வதாவும் தொடர்ந்தாள்.