திவாலானால் என்னவெல்லாம் போகும்?

திவால் கேஸ் பற்றிக் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் தங்களுக்காக வருவதே இல்லை. யாரோ ஒரு கூட்டாளிக்காக, சிநேகிதனுக்காகத்தான் வருகிறார்களாம். மலாக்கா டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் முன் மேசை என்னுடையது. வக்கீல் அம்மா உள்ளே இருந்தாலும் கேள்விகள் முதலில் என் மேல்தான் விழும். என்னைப் போல முன் மேசையில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இது தெரியாததா?

கோயில் தலைவர்

புக்கிட் காத்திலிலிருந்து ஓர் அண்ணன் மனைவியோடு வந்தார். வியாபாரம் படுத்துவிட்டது. தானே மனு போட்டுத் திவாலாகிவிட்டால் என்னவெல்லாம் போகும் என்று கேட்டார். அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது, கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது என்றேன். தலையாட்டினார். “பதிவான சங்கத்துல, கோயில் கமிட்டியில பொறுப்பு வகிக்க முடியாது அண்ணே” என்றதும் முகம் வாடிவிட்டது. அவர்தான் கோயில் தலைவராம். மீட்டிங், மீட்டிங் என்று வீட்டில் தங்குவதே கிடையாதாம்.

கூட வந்த அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “கடனெல்லாம் கட்டி முடிச்ச பெறகும் அந்தக் கமிட்டித் தடை ஒண்ண மட்டும் அப்படியே வச்சிக்கலாமா, தங்கச்சி?”

கூட்டாளியின் போன்

கிளேபாங்கில் பீசாங் கோரெங் என்கிற வாழைப்பழ பஜ்ஜிக் கடை போட்டிருப்பவர். கூட்டாளிக்குப் பேங்கிலிருந்து ஓயாமல் போன் வருகிறது, அவன் எடுப்பதில்லை, பேசாமல் திவாலாகிவிடலாமா என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் ஆளுக்கு வியர்த்துவிட்டது.

“எடுங்க அண்ணே, நான் இருக்கேன்” என்றேன். எடுத்தார். மலாயில் கொஞ்ச நேரம் தயங்கித் தயங்கிப் பேசினார். நேரில் வந்தால் மாதத் தவணையைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார்களாம். பிறகு அப்படியே குறைத்தும் கொடுத்தார்கள்; மனுவுக்கு வேலையே இல்லாமல் போனது. அன்றைக்குப் போனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: “அந்தப் பேங்க் புள்ள மரியாதையாத்தான் பேசுது லா. நான் எதுக்கு இத்தன தடவ நம்பர் மாத்துனேன்?”

மாப்பிள்ளை

குருபோங் பேக்டரியில் வேலை செய்கிற பெண். பத்திரிகை அடித்த பிறகுதான் மாப்பிள்ளை தான் திவாலானவன் என்று சொல்லியிருக்கிறான். கல்யாணத்தை நிறுத்தியே தீருவேன் என்று அம்மா அவளை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். “தாலி ஏறுனா இவளும் திவாலாம்மா?”

“இல்லம்மா. இவங்க எங்கயும் ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காத வரைக்கும் அவர் கடன் அவரோட.” அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை; அழ ஆரம்பித்துவிட்டார். பெண் மெதுவாக, “அவரு வெளிநாட்டுக்குப் போக முடியாதாக்கா?” என்றாள். அனுமதி வாங்கித்தான் போகணும் என்றேன். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு அம்மா அழுகையை நிறுத்தினார். கல்யாணமும் நடந்தது, நானும் போய்ச் சாப்பிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: “பாத்தியாம்மா, அப்பா மாதிரி சிங்கப்பூருக்குப் போயி அங்கயே தங்கிட முடியாது.”

சட்டம் கடனாளிக்குத் தண்டனை என்று எழுதி வைத்திருப்பதில் பாதியை, அவன் வீட்டுப் பெண்கள் வரமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்.