பட்டனில் காய்ந்த சந்தனம்

ஆயுத பூஜை முடிந்து பனியன் கம்பெனி திறந்த காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. ஏற்றுமதி விவரம் முழுக்க அதற்குள் இருந்தது. வாசலில் லாரி காத்திருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த என்னை முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"தொடைக்கும்போது நாந்தான் எதையோ இழுத்துட்டேன் சார், மன்னிச்சிருங்க" என்றேன். உண்மையில் நான் அதைத் தொடவே இல்லை.

வயர்களையெல்லாம் சோதித்த மெக்கானிக், கடைசியில் அமுங்காமல் இறுகிப்போயிருந்த பவர் பட்டனின் இடுக்கிலிருந்து காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். கம்ப்யூட்டர் ஓடியது. பூஜையன்று அதற்குப் பொட்டு வைத்தவர் முதலாளிதான்.

"அப்புறம் ஏனுங்கக்கா நீங்க செஞ்சதாச் சொன்னீங்க?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். நான் விட்ட இடத்திலிருந்து பெருக்கத் தொடங்கினேன்.

இன்றும் வீட்டில் டம்ளர் விழும் சத்தம் கேட்டால், யார் தள்ளியது என்று பார்ப்பதற்குள் என் வாய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறது.