ஒரே கட்டளைக்கு இரண்டு உரிமைக்காரர்கள்

சர்வர் பராமரிப்பு என்பது, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நம்மை யாருக்கும் ஞாபகம் வராத தொழில். அதில் கிடந்து அவஸ்தைப்படும் சகாக்களே, வேங்கிக்காலில் எங்கள் சின்ன ஆபீஸில் ரேவதி சேர்ந்த பிறகு நான் பட்ட வயிற்றெரிச்சலையும் கொஞ்சம் கேளுங்கள். போதாக்குறைக்கு மேனேஜர் வேறு, "குமரேசா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் டீம் லீடர்" என்று சொல்லியிருந்தார்.

சிவப்பு எழுத்து

திருவண்ணாமலை லாட்ஜுகளின் ரூம் புக்கிங் எங்கள் விர்ச்சுவல் மெஷின்களில், அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டராக நடிப்பவற்றில், ஓடுகிறது. அந்த மெஷின்களில் பாதியைப் புது சாஃப்ட்வேருக்கு மாற்றினோம். அதற்கான கட்டளைகள் அடங்கிய மாட்யூலை ஏற்றப் போனால், 'இதே பெயரில் கட்டளைகள் ஏற்கெனவே இருக்கின்றன' என்று சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது.

ரேவதி வருவதற்குள் முடித்து நல்ல பெயர் வாங்க வேண்டுமே! இருந்தால் இருக்கட்டும் என்று கட்டாயப்படுத்தி ஏற்றினேன். பின்னாலேயே வந்தவள் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது வேணாம்னுதானே சொல்லுது, ஏண்ணா வம்படியா ஏத்துனீங்க?"

காணாமல் போன மெஷின்கள்

பௌர்ணமிக்கு முந்தின நாள். மேனேஜர் மெஷின் பட்டியல் கேட்டார். வழக்கமான கட்டளையைத் தட்டினேன். பதில் சொன்னது பழையது அல்ல, அதே பெயரில் மேலே ஏறி உட்கார்ந்த புது மாட்யூல். இன்னும் மாற்றாத பழைய மெஷின் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மேனேஜர் அதற்குள், கிரிவலக் கூட்டம் வரும் நேரத்தில் புக்கிங் போச்சென்று லாட்ஜுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார்.

ரேவதி நிதானமாகப் புது மாட்யூலை இறக்கினாள். அதன் கட்டளைப் பெயர் ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளச் சொல்லை ஒட்டி மறுபடி ஏற்றினாள். இரண்டு பட்டியலும் தனித்தனியாக வந்தன. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து போன். எடுத்தது நான். ஒரு லாட்ஜ்காரர் சொன்னார்: "நீங்க வேணாம் சார், அந்த மேடம் இருந்தா குடுங்க."

ஒட்டிய சொல்

டீம் லீடர் பதவி ரேவதிக்குப் போனது. அவள் நீட்டிய ஸ்வீட்டை, சுகர் என்று பொய் சொல்லித் தள்ளினேன். பொறாமைதான், வேறென்ன?

அப்படி என்ன சொல்லைத்தான் ஒட்டியிருக்கிறாள் என்று மறுநாள் திறந்து பார்த்தேன். தன் பெயரைத்தான் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். கட்டளைக்குக் கட்டளை 'குமரேசன்' என்றிருந்தது. எனக்கு இவ்வளவு மரியாதையா என்று அவள் மேஜைக்கே போனேன். "ஏம்மா என் பேரு?" என்றேன். கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "அது எங்க சொதப்புனாலும் யாரைக் கூப்புடணும்னு தெரியணும் இல்லண்ணா?"

ஆபீஸ் முழுக்க என் பெயரே பேசப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது அங்கே பிழை என்று வருகிற சிவப்பு எழுத்திலெல்லாம் என் பெயர்தான் இருக்கிறது.