ஒரு போன் போதும்

சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிவேந்திரன் கைப்பேசியின் ஒலியை அடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பதினைந்து வருடப் பழக்கம். பூ வளையம் வந்து சேர்வதற்கு முன்னால் அவர் வந்துவிடுவார். காரில் சாவுக்கு வெள்ளைச் சட்டை, விருந்துக்குப் பூப்போட்ட பாத்தேக் சட்டை, கோயிலுக்கு வேட்டி என்று மூன்றும் எப்போதும் தொங்கும். "நல்லதுக்கு லேட்டா போனா மன்னிச்சிருவாங்க. கெட்டதுக்கு லேட்டா போனா ஓட்டு போச்சுலா" என்பார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கணக்கெழுதும் கிராணி கந்தையாவின் மகனாகப் பிறந்தவர். கிள்ளான் பக்கம் மூன்று தவணை சட்டமன்ற உறுப்பினர். கடைசித் தவணையில் மாநில ஆட்சிக்குழுவிலும் இடம், ஊர் வாய்க்கு மந்திரி. கூப்பிடுவதென்னவோ எல்லோரும் 'ஒய்பி' என்றுதான், மாண்புமிகு என்பதற்கு அந்த ஊர்ச் சுருக்கம். அவர் பெயர் சொல்ல ஒரு பாலம்கூட இல்லை. சாக்கடை அடைத்தாலும் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டாலும் ஒரு போன். அதுதான் அவர் அரசியல். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று அவர் தொகுதியிலிருந்த மேரு என்ற ஊரில் லோரி ஓட்டுநர் தம்புசாமியின் சாவு. மறுநாள் வேட்புமனுத் தாக்கல். கட்சியின் வேட்பாளர் பட்டியல் மூன்று மணிக்கு என்றிருந்தார்கள். அதில் தன் பெயருக்குக் காத்தபடி சிவேந்திரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தம்புசாமியின் மனைவி இராஜம்மா வந்து நின்றார். "ஒய்பி, மின்சுடலையில இன்னிக்கு இடம் இல்லைங்கிறாங்க. ஆஸ்பத்திரியிலயே ரெண்டு நாள் ஆயிருச்சு. பாடி இனி தாங்காதுங்க."

"கவலைப்படாதீங்க அக்கா. ஒரு போன் போதும்."

மணி இரண்டே முக்கால். வெளியே போய் மின்சுடலை அதிகாரி யுகேந்திரனை அழைத்தார். "ஓகே ஒய்பி. அஞ்சு மணி ஸ்லோட் பாத்துட்டு அரை மணியில கூப்பிடுறேன்" என்றார் அவர்.

மூன்றேகாலுக்குச் சுற்றிலும் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. தலைகள் அவர் பக்கம் திரும்பிச் சட்டென்று விலகின. பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார். பட்டியலில் அவர் தொகுதிக்கு வேறொருவர் பெயர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அரை மணி ஒரு மணியானது. யுகேந்திரன் கூப்பிடவில்லை. இவரே மூன்று முறை அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பாவம், பதவி போனதைவிட அந்த மணிச்சத்தம்தான் அவரைச் சுட்டது. வாசலிலிருந்து இராஜம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரிக்கிற பெர்மிட்டைக் குடுங்கக்கா. நேர்லயே போறேன்."

மின்சுடலை அலுவலகத்தில் காவலாளி அவரைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து, பெரிய மனிதர்கள் போகும் பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். கண்ணாடிக்கு அப்பால் யுகேந்திரன் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். சுவர்ப் பலகையில் ஐந்து மணிக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. மணி நாலரை. கூடத்தில் ஐந்தாறு பேர், கையில் எண்சீட்டோடு.

சிவேந்திரன் பக்கக் கதவுக்குள் நுழையாமல் அதைக் கடந்து, எண் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். பதினைந்து வருடத்தில் அதைத் தொட்டதில்லை.

"ஆன்டி, இதுல எத அமுக்கணும்?"

பக்கத்தில் சீட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் காட்டிய பொத்தானை அமுக்கி, வந்த சீட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.