பூமாலைக்குப் பயந்தவர்

எனக்குத் தெரியாமல் என்னைச் சுற்றி எதுவும் நடக்காது என்று இத்தனை வயதுவரை நம்பியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இட்லித் தட்டுகளைத் தோளில் சுமந்து கல்கத்தாவில் வீடு வீடாக விற்றவன் நான். இன்று கரியாஹாட்டில் இரண்டு ஷட்டர் போட்ட கிரைண்டர் கடை என்னுடையது. ஒருவர் கடைக்குள் காலை வைக்கும்போதே வாங்குவாரா, விலை கேட்டுவிட்டுப் போவாரா என்று சொல்லிவிடுவேன். வங்காளிகளையே தோசை சுட வைத்தவன் இராஜமாணிக்கம் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நானே சொல்வேன். அப்படிப்பட்ட என்னைத்தான், முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரில் உட்கார்ந்து சீட்டாடிய பார்த்தசாரதி மூன்று வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

பார்த்தசாரதிக்குச் சொந்த ஊர் கும்பகோணம். பாலிகஞ்சில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். ஒல்லியான மனிதர். தேய்த்த சட்டை, தோளில் டிபன் பை. பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்வார். மனைவி காலமாகிவிட்டார். மகள் சாதனா நியூ டவுனில் பதினான்காவது மாடியில் இருக்கிறாள். அங்கே வந்துவிடும்படி எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். இவர் நகரத்துக்கு வெளியே பாருய்பூரில் தனி வீட்டில் இருந்தார். நானும் பாருய்பூர்தான். காலையும் மாலையும் ஒரே லோக்கல் ரயில், ஒரே பெட்டி.

அந்தப் பெட்டியில் எங்கள் சீட்டாட்டம் டுவென்டி நைன். ஜன்னலோரம் எதிரெதிரே நாலு பேர் உட்கார்ந்து, முழங்கால்கள் மேல் ஒரு கம்சாத் துண்டை விரித்தால் அதுதான் மேஜை. எதிரில் இருப்பவர் ஜோடி. ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து மறைத்து வைப்பார். அது என்ன என்று ஜோடிக்காரன் ஊகித்து ஆட வேண்டும். பார்த்தசாரதி முதல் சீட்டை இறக்குகிற விதத்திலேயே அவர் மறைத்த துருப்பு எனக்குத் தெரிந்துவிடும். அவர் மனசுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டி முழுக்கப் பீற்றிக்கொள்வேன். எங்களை எதிர்த்து ஆடுவது ஜெயந்த் தாதாவும் மகேஷும். ஜெயந்த் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் பெட்டிக்கே அண்ணன் மாதிரி, அதனால் எல்லாருக்கும் தாதா. என் தோளுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்து நின்றபடி நரேன் என்ற பாங்க் கிளார்க் வேடிக்கை பார்ப்பார். அடுத்துக் காலியாகும் இடம் அவருக்கு.

இடம் காலியாவதற்கு ஒரு முறை உண்டு. வேலைக்குப் போகிறவருக்குத்தான் அந்த நாலு இடம். யார் ரிட்டயர் ஆனாலும் கடைசி நாளன்று பெட்டியிலேயே பூமாலை போட்டு, சந்தேஷ் இனிப்பு கொடுத்து, ஒரு குடையும் பரிசளித்து இறக்கி விடுவோம். மறுநாள் வேறு ஆள் உட்காருவார். மாலை வாங்கியவர் கூட்ட நேரத்தில் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. நான் கடைக்காரன், எனக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. பார்த்தசாரதியைக் கேட்டால் சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்கிறது என்பார்.

போன தை மாதம் கடைக்கு மூன்றாவது ஷட்டர் திறக்க நாள் குறித்தேன். அழைப்புப் பத்திரிகையை அவருடைய அலுவலகத்திலேயே, ஊழியர்கள் பார்க்கக் கொடுத்தால் அவருக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம் என்று ஸ்வீட் பெட்டியோடு போனேன். அனன்யா என்று ஒரு பெண் இருந்தாள். பார்த்தசாரதி சார் ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகிறதே என்றாள். இன்று காலைகூட டிபன் பையோடு என்னுடன்தான் வந்தார், சரியாகப் பாரம்மா என்று சண்டை போட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

அப்படியானால் இந்த மனுஷன் தினமும் எங்கே போகிறார்? இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் பாலிகஞ்சில் இறங்கியதும் கடைக்கு ஆட்டோ பிடிக்காமல் டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். பார்த்தசாரதி ஸ்டேஷனைவிட்டு வெளியே போகவில்லை. மேம்பாலத்தில் ஏறி, அடுத்த பிளாட்பாரத்தில் இறங்கி, பாருய்பூருக்குத் திரும்புகிற ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஜன்னலோரம், பை மடியில். சாயங்காலம் பார்த்தால், அலுவலகம் முடிந்து களைத்து வந்தவர் போல அதே பாலிகஞ்ச் பிளாட்பாரத்தில் எங்களுக்காக நிற்கிறார்! ஆட்டத்துக்காக அந்த மனுஷன் தினமும் இரண்டு தடவை வந்து போயிருக்கிறார்.

ஓரமாகக் கூட்டிப்போனேன்.

"சாமி, உங்க ஆபீசுக்குப் போயிருந்தேன்."

பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். "எப்போ?"

"முந்தாநேத்து... இல்ல, நேத்து. எனக்கு நாளே குழம்பிப்போச்சு. ஏன் சாமி, எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா?"

"உங்ககிட்ட சொன்னா ஹௌரா வரைக்கும் கேக்குமே அண்ணாச்சி."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மாலையைப் போட்டுட்டேள்னா சாதனா என்னை அழைச்சுண்டு போயிடுவா. அங்கயும் சீட்டுக்கட்டு இருக்கு. எதிர்ல யார் இருக்கா?"

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்து கம்சாவை விரித்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இவருடைய இடத்தை இன்று காப்பாற்றாவிட்டால் நான் கடை வைத்து என்ன பிரயோசனம் என்று தோன்றியது. எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் பெட்டிக்கே கேட்கும்படி அறிவித்தேன். பார்த்தசாரதி பாபு இனிமேல் என் கடை ஊழியர். மூன்றாவது ஷட்டருக்கு மேனேஜர். அவர் ரிட்டயர் ஆகவில்லை, யாரும் அவருக்கு மாலை வாங்கக் கூடாது.

யாரும் திடுக்கிடவில்லை. நான்தான் திடுக்கிட்டேன். ஜெயந்த் தாதா சீட்டைக் கலைத்தபடியே, எங்களுக்கு எப்போதோ தெரியும், உட்காருங்கள் என்றார். ஒருமுறை காய்ச்சல் வந்து, ஆபீசுக்குப் போகாமல் பாதி வழியிலேயே திரும்பும்போது பாருய்பூர் ரயிலில் பார்த்தசாரதியைப் பார்த்தாராம். மகேஷிடமும் நரேனிடமும் சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தால் மாலை வாங்கியாக வேண்டுமே என்று மூவரும் மூடிக்கொண்டார்கள். பெட்டியில் தெரியாதது எனக்கு ஒருவனுக்குத்தான்.

நான் நரேனைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை காலம் நின்றுகொண்டே வந்த மனிதர்.

"அந்த இடம் கிடைச்சா உங்களுக்கு ஜோடியா ஆடணுமே அண்ணாச்சி," என்றார் நரேன். "அதுக்கு நிக்கிறதே தேவலை."

பெட்டியே சிரித்தது. பார்த்தசாரதி சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஜெயந்த் தாதா போட்ட சீட்டுகள் அவர் முன்னால் வெகுநேரம் எடுக்கப்படாமல் கிடந்தன. பிறகு எடுத்தார், ஏலம் கேட்டார், ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அன்று அது என்ன துருப்பு என்று ஆட்டம் முடியும்வரை எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது ஷட்டர் திறந்து ஆறு மாதமாகிறது. எங்கள் மேனேஜர் கடைப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. ரயிலைத் தவறவிட்டதும் இல்லை.